ஸ்பீக்கரைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் முன் உங்கள் வீட்டுச் சுவர் எதனால் கட்டியது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடையில் இதைக் கேட்கமாட்டார்கள். மாட்ட வருகிறவர்களும் கேட்கமாட்டார்கள். மெஷினோடு வருவார்கள், துளை போடுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி மாட்டிய ஒரு ஸ்பீக்கர், 6 கிலோ எடை, அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு மேலிருந்து பூச்சையும், ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் செருகியிருந்த பிளக்கையும் பிடுங்கிக்கொண்டு ராத்திரியில் விழுந்தது. அவர் கொஞ்சம் முன்னால்தான் எழுந்து படுக்கப் போயிருந்தார். பணமாகக் கணக்குப் பார்த்தால் 20,000 ரூபாய்க்குச் சற்று மேல் நஷ்டம். அந்தச் சத்தமும் அதற்கப்புறம் வந்த நடுக்கமும் கணக்கில் வராது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது, அதனால்தான் எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மா போனபிறகு அப்பா மாயவரத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டார். நாங்கள் இருப்பது சென்னையில் மேடவாக்கம் பக்கம், அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், நாதஸ்வரம் என்றால் உயிர். இந்தக் கால டிவி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மோசம் அதன் சத்தம், உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கர்கள் தரையையோ சுவரையோ பார்த்துப் பாடுகின்றன. பேச்சு புரியவில்லை என்று அவர் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பார், ஆனால் கூடுவது பின்னணி இசைதான், பேச்சு இல்லை. தரையில் ஸ்டாண்டு வைத்து ஸ்பீக்கர் நிறுத்தலாம் என்றால் அவர் வாக்கர் பிடித்து நடக்கிறவர், ஸ்டாண்டும் ஒயரும் குறுக்கே கிடந்தால் ஆபத்து. அதனால் சுவரிலேயே மாட்டும்படியாக 5.1 செட் ஒன்று வாங்கினோம். முன்னால் இடது வலது, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, கூட தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபர். மாட்டுக்கூலி தனியாக 4,000 ரூபாய், ஒயருக்கு 2,700.

மாட்ட வந்த இரண்டு பையன்களும் சுறுசுறுப்பானவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துளை போட்டபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிரில் பிட் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போயிற்று, கீழே விரித்திருந்த பேப்பரில் முகப்பவுடர் மாதிரி வெள்ளையாகத் தூள் கொட்டியது. மாயவரம் வீட்டில் ஒரு ஆணி அடித்தால்கூடச் செக்கச் செவேலென்று செங்கல் தூள் விழும். "இவ்வளவு லேசா போகுதே தம்பி, நிக்குமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நிக்கும்க்கா, தினமும் இதைத்தானே பண்றோம்" என்றான். பிறகு 6 மி.மீ. சாதா ரால் பிளக்கைச் செருகி, சின்ன ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போனார்கள்.

அந்த வெள்ளைத் தூளிலேயே எல்லாம் இருந்தது. இப்போது கட்டுகிற அடுக்குமாடிகளில் பல ஏ.ஏ.சி. பிளாக்கால் கட்டியவை. சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் இவற்றோடு அலுமினியத் தூள் கலந்து பொங்கவைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்த கல், உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழ்கள். லைட் வெயிட் பிளாக் என்றும் சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஏ.ஏ.சி. 550 முதல் 650 கிலோதான் இருக்கும். செங்கல் சுமார் 1,800 கிலோ. சுவருக்கு நல்ல பொருள்தான், வெயில் உள்ளே வராது, கட்டடத்துக்கும் எடை குறைவு. ஆனால் செங்கலுக்கென்று செய்த பிளக் அதில் பிடிக்காது. பிளக் விரியும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டிய சுவர் நொறுங்கிக் கொடுத்துவிடும். மேலே இருக்கிற பூச்சும் பட்டியும் சேர்ந்து ஒரு அரை அங்குலம், அதற்குப் பலமே கிடையாது. சின்ன ஸ்க்ரூவாகப் போட்டால் பாதி ஆழம் அந்தப் பூச்சிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் சுவர் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பில்டரிடமோ அசோசியேஷனிலோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் சோபாவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டுத் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், கவலை இல்லை. வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ மெத்தென்று வந்தால் ஏ.ஏ.சி. கொஞ்ச தூரம் கடினமாகப் போய்த் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், அதற்கு உள்ளே போய் மடங்கிப் பிடிக்கிற வேறு வகை பிளக் வேண்டும். கரும்சாம்பல் தூளோடு மெஷின் திணறினால் அது கான்கிரீட், ஒன்று தூணாக இருக்கும், இல்லை சுவரே மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சு வைத்துக் கான்கிரீட்டில், வார்த்ததாக இருக்கும். கான்கிரீட்டில் மாட்டினால் இருக்கிறதிலேயே உறுதி, ஆனால் குத்திக்கொண்டே சுற்றுகிற ஹேமர் டிரில் இல்லாமல் முடியாது, கம்பி தட்டினால் மல்லுக்கட்டாமல் ஒன்றிரண்டு அங்குலம் தள்ளிப் போட வேண்டும்.

ஏ.ஏ.சி.யில் துளை போடும்போது ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றலில் மட்டும் போடச் சொல்லுங்கள். ஹேமரோடு போட்டால் துளை பெரிதாகி விளிம்பு உதிர்ந்துவிடும். ஃபிஷர் போன்ற கம்பெனிகள் இந்த வகைக் கல்லுக்கென்றே பிளக் செய்கிறார்கள், அது கிடைக்காவிட்டால் நீளமான நைலான் பிளக், அல்லது துளையில் ரெசின் செலுத்திப் பிடிக்க வைக்கிற கெமிக்கல் ஆங்கர். விலை அதிகம்தான், ஆனால் தலைக்கு மேல் தொங்கப்போகிற பொருளுக்கு அது ஒரு செலவே இல்லை. இன்னொன்று, உள்சுவர்கள் பெரும்பாலும் 4 அங்குலம்தான். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அறையில் போய் நிற்கும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 6 கிலோதானே, ஒரு பிளக் தாங்காதா என்று தோன்றும். பெட்டி சுவரோடு ஒட்டி இருந்தால் பரவாயில்லை. பெட்டியைத் திருப்புவதற்கென்று கைபோல நீண்ட தாங்கியில், அதாவது பிராக்கெட்டில், அது சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெட்டியின் எடை சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது, பிராக்கெட் தகட்டின் உயரம் 10 செ.மீ. என்று வையுங்கள், மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கிற விசை 12 கிலோ ஆகிவிடும். தூக்கித் தாங்குவதை விட இழுப்பைத் தாங்குவதுதான் பிளக்குக்குச் சிரமம். அதனால் நீளமான தகடு, குட்டையான கை உள்ள பிராக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியைத் தட்டையாகவே மாட்ட முடியுமானால் இன்னும் நல்லது.

பிராக்கெட்டையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற திருகு மரை இன்னொரு சிக்கல். பல ஸ்பீக்கர்களின் முதுகில் இருப்பது கால் அங்குல மரை, அதாவது 6.35 மி.மீ. கடையில் கிடைக்கும் பிராக்கெட்டோடு வருவது பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட். அது உள்ளே போகும், ஓரிரு சுற்று பிடித்த மாதிரியும் இருக்கும், அப்புறம் அசைத்தால் தளதளவென்று ஆடும். எங்கள் பின்பக்க ஸ்பீக்கர் ஒன்றில் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது, கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கையால் கடைசி வரை சுலபமாகச் சுற்ற வர வேண்டும், சுற்றி முடித்தபின் துளிகூட ஆடக் கூடாது, இரண்டும் இருந்தால்தான் அது சரியான போல்ட்.

விழுந்த ராத்திரிக்கு வருகிறேன். முதல் சில நாள்கள் பிளக்கைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல், பட்டி உலர்ந்து வெடித்திருக்கும் என்று பெயிண்டர் ஒருவர் சொன்னார். கொஞ்ச நாளில் பிராக்கெட்டின் மேல் பக்கம் சுவரை விட்டு விலகி, ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தது. கடைக்குப் போன் செய்தேன், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், யாரும் வரவில்லை. மறுபடி போன், மறுபடி அதே பதில். அதற்குள் விழுந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடி உடைந்து, ஸ்பீக்கரின் மூலை நசுங்கி, சத்தம் எழுப்புகிற கூம்பு கிழிந்து கிடந்தது. அப்பா உள்ளேயிருந்து "என்னம்மா சத்தம்?" என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பிராக்கெட் விலகுவதைக் கண்ணால் பார்த்தால் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்த நாள் கடையில் சொன்ன பதில், "உங்க சுவர் சரியில்லைக்கா, நாங்க என்ன பண்ண முடியும்?" விழுந்து உடைந்ததற்கு வாரண்டி கிடையாது, ஒற்றை ஸ்பீக்கர் தனியாக 6,500 ரூபாய். சுவரில் பெயர்ந்த இடத்தைக் கொத்தனார் பூசி, பட்டி பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் நிறம் திட்டாகத் தெரிந்தது, கடைசியில் முழுச் சுவருக்கும் அடிக்க வேண்டியதாயிற்று, அது 7,000. மாட்டுக்கூலி திரும்ப வரவில்லை. ஒயருக்குப் போட்ட பணமும் வீண், அது தனிக் கதை.

இரண்டாவது முறை எங்கள் பகுதியில் பல வருடமாக வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டேன், வயதில் மூத்தவர். வந்ததும் மெஷினை எடுக்கவில்லை. சுவிட்ச் போர்டுகள் எங்கே இருக்கின்றன, ஏசி பாயின்ட் எங்கே, பாத்ரூம் எந்தச் சுவருக்குப் பின்னால் என்று சுற்றிப் பார்த்தார். "இந்த ரூம் எம்.சி.பி.யை இறக்கிட்டு, சமையல்கட்டு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் போடுங்கம்மா" என்றார். எம்.சி.பி. என்பது மெயின் பெட்டியில் அந்த அறைக் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச். சுவருக்குள் கரண்ட் ஒயர் ஓடுகிற கன்சீல்டு குழாய் பெரும்பாலும் சுவிட்ச் பாக்ஸிலிருந்து நேராக மேலே ஸீலிங்கை நோக்கிப் போகும், அந்தக் கோட்டில் துளை போடவே கூடாது என்று அவர்தான் சொன்னார். முதலில் வந்தவர்கள் வலது பக்க ஸ்பீக்கருக்கு ஒரு சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேதான் துளை போட்டிருந்தார்கள். ஒயர் அதற்கு ஒரு விரல் தள்ளி இருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது ஸ்பீக்கர் விழுந்த அன்றைக்கு வந்த அதே நடுக்கம் எனக்கு மறுபடி வந்தது.

அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. முன்பக்கம் இரண்டையும் சுவரின் ஓரத்தில் இருந்த கான்கிரீட் தூண்களில் 8 மி.மீ. ஆங்கர் போட்டு மாட்டினார். பின்பக்கம் தூண் இல்லை, அங்கே 18 மி.மீ. பிளைவுட் பலகையை ஏ.ஏ.சி. சுவரில் நான்கு மூலையிலும் நடுவிலும் பிடிக்கவைத்து, அதன்மேல் பிராக்கெட்டை மாட்டினார். எடை ஒரே புள்ளியில் விழாமல் பலகை முழுக்கப் பரவும். சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்ததில் பலகை கண்ணுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைத் தனி ஹூக்கில் கட்டச் சொன்னேன், பிராக்கெட் விட்டாலும் கீழே வராது. மேடைகளில் லைட் கட்டுகிறவர்கள் இதைக் கட்டாமல் விடுவதில்லை. வீட்டுக்கும் அது வேண்டும்.

ஒயர் கதை இதுதான். பழைய ஒயரின் நுனியை அவர் சீவி, கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. காப்பர் என்று விற்றது, செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. வீட்டு அளவில் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இரண்டு முறை மடக்கினால் இழைகள் முறிகின்றன, டெர்மினலில் நாளாவட்டத்தில் பிடி தளர்கிறது. சுவருக்குள் போட்டு மூடிய பிறகு அது தெரிந்தால் என்ன செய்வது? வாங்கும்போதே ஒரு துண்டு வெட்டிச் சுரண்டிப் பாருங்கள். 10 மீட்டருக்குள் என்றால் 16 கேஜ் செம்பு போதும், அதற்கு மேல் போனால் 14 கேஜ், கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும். மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கிற கேபிளுக்கு அவசியமே இல்லை. கரண்ட் ஒயர் போகிற குழாயிலேயே ஸ்பீக்கர் ஒயரையும் திணிக்கிற வழக்கம் நிறைய இருக்கிறது, அப்படிச் செய்ய விடாதீர்கள், அது பாதுகாப்புக் கேடு, இரைச்சலும் வரும். வீடு இன்னும் கட்டிக்கொண்டிருந்தால், பூச்சுக்கு முன்பே ஒரு அங்குலக் குழாயை அகலமான வளைவுகளோடு தனியாகப் போட்டுவைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஒயர் சுவரோரம் வெளியே ஓடுகிற கேசிங் பட்டையில்தான் போனது.

இணைக்கும்போது ஒயர் நுனியில் ஒரு இழைகூட வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. சிவப்பின் இழை கருப்பைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், பாதுகாப்பு இல்லாத மாடலாக இருந்தால் எரிந்தே போகும். ஒயர் நுனியில் மாட்டிச் செருகுகிற பனானா பிளக் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. சிவப்பு சிவப்புக்கு, கருப்பு கருப்புக்கு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நீளமான ஒயரில் மறுமுனையில் எது எது என்று குழம்பிவிடும். அதற்கு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ஒயரின் ஆம்ப்ளிஃபயர் முனையில் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள், கூம்பு முன்னால் வந்தால் சரி, உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. எங்கள் முதல் இணைப்பில் முன்பக்க இடது ஒன்று மாறித்தான் இருந்தது. தவில் சத்தம் அடிவயிறே இல்லாமல் காற்றில் கரைந்தது போலக் கேட்டதற்குக் காரணம் அதுதான், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

உயரம் விஷயத்தில் யார் சொன்னாலும் ஸீலிங்கை ஒட்டி மாட்ட விடாதீர்கள். முன்பக்கம் இரண்டும் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் மூன்றேகால் அடியில் இருப்பதுதான் முறை, முடியாவிட்டால் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். உட்காரும் இடம் 10 அடி தள்ளி என்றால் இரண்டுக்கும் நடுவே 8 முதல் 10 அடி. பின்பக்கம் என்று சொன்னாலும் அவை உண்மையில் பக்கவாட்டில், காதுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ, தலைக்கு ஒரு அடி மேலே வர வேண்டும். அப்படி வைத்தால் நாற்காலிக்கு நேர் மேலே எதுவும் தொங்காது, அது எனக்கு இன்னொரு நிம்மதி. பெட்டியின் முதுகில் வட்டத் துளை இருக்கிற மாடலைச் சுவரோடு ஒட்டினால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குழம்பிப் பேச்சை மூடிவிடும், சுவரில் மாட்ட அடைத்த பெட்டியோ முன்பக்கம் துளை உள்ளதோதான் நல்லது.

கடைசியாக, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்தத்தையும் ஆம்ப்ளிஃபயர் தானே கணக்கிட மைக் வைத்து அளக்கிற வேலை. இதை மட்டும் அவசரமாக முடிக்காதீர்கள். மின்விசிறி, ஏசி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்து, மைக்கைக் கையில் பிடிக்காமல் டிரைபாடில் காது உயரத்தில் வைத்து அளந்தோம். சப்வூஃபரின் தூரம் டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டும், அது தப்பில்லை, அதன் உள்ளே இருக்கிற சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. சின்னப் பெட்டிகளை ஆம்ப்ளிஃபயர் மெனுவில் 'ஸ்மால்' என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கு விட்டுவிட வேண்டும். வயதானவர்கள் கேட்கிற வீடாக இருந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள், படத்தில் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அப்பாவுக்கு நாங்கள் வாங்கிய எல்லாவற்றையும்விட இந்த ஒரு மாற்றம்தான் உதவியது, சத்தத்தை முன்பு வைத்ததில் பாதிக்குக் குறைத்துவிட்டார்.

டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கிற ஹாலில் கை தட்டிப் பாருங்கள், சத்தம் கணகணவென்று திரும்பி வந்தால் எந்த ஸ்பீக்கரும் தெளிவாகக் கேட்காது. பவானி ஜமக்காளம் ஒன்று தரையில் விரித்து, ஜன்னலுக்குத் தடிமனான திரை போட்டதிலேயே எங்களுக்கு நன்றாகக் குறைந்தது. வாக்கர் வைத்து நடப்பவர் இருந்தால் ஜமக்காளத்தின் ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தால் கீழ்வீட்டுக்காரர்களோடு மனக்கசப்பு வராது.

கடையில் மாட்டுக்கூலி கட்டினால், பணம் கொடுக்கும் முன்பே பில்லில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: சுவர் என்ன வகை, என்ன பிளக் போடப் போகிறார்கள், மாட்டியது பெயர்ந்தால் யார் பொறுப்பு. எழுதித் தர மறுத்தால் ஸ்பீக்கரை மட்டும் வாங்கிக்கொண்டு, மாட்டுவதற்கு உங்கள் பகுதி எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள். எங்களுக்கு மறுபடி மாட்டியவர் பலகை, ஆங்கர், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து வாங்கியது 3,800 ரூபாய்.